வானொலியில் இரைச்சல் ஏன்?

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது நம் பெரியோர் வாக்கு. யானைக்கு மட்டுமன்று, புயலுக்கும் இது பொருந்தும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால், அதைக் கண்டறிந்து முன்னறிவிப்புச் செய்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. ஆனால், அந்த மணியோசை மக்களின் செவியில் தெளிவாக விழ வேண்டும். விழாமற் போனால் அறிவித்தும் பயன் இல்லை.

நமது ஓட்டப்பிடாரம் வட்டம் ஒரு புறம் கரிசல் காட்டையும் மறு புறம் மன்னார் வளைகுடாவையும் எல்லையாகக் கொண்டது. இங்கே 1872-ஆம் ஆண்டு பிறந்த வ.உ.சிதம்பரனார், 1906-ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். இன்றும் இவ்வட்டத்தைச் சேர்ந்த தருவைகுளத்திலிருந்து விசைப்படகுகள் புறப்பட்டு, நாட்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடித்துத் திரும்புகின்றன. உள்நாட்டிலோ, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் கம்பும் மிளகாயும் விதைக்கும் மானாவாரி உழவர்கள் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். கடலில் இருப்பவர்க்கும் காட்டில் இருப்பவர்க்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. அதுவே வானிலைச் செய்தி.

அச்செய்தியைத் தாங்கி வரும் வானொலி, நம் வீட்டிலும் படகிலும் சில வேளைகளில் ஏன் கரகரவென்று இரைகிறது? இடி இல்லை, மழை இல்லை, நிலையமும் நன்றாகத்தான் இயங்குகிறது. பின் எங்கிருந்து வருகிறது இந்தக் கரகரப்பு? பெரும்பாலும் நம் வீட்டுச் சுவரில் செருகியிருக்கும் சிறு பெட்டியிலிருந்தும், படகின் பேட்டரிக்கு அருகே ஒளிரும் விளக்கிலிருந்தும்தான் என்றால் வியப்பாக இருக்கிறது அல்லவா? தோழியரே, அந்த வியப்பான செய்தியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைப்பேசி இருக்க வானொலி எதற்கு?

இக்கேள்வி எழுவது இயல்பே. கைப்பேசிக் கோபுரத்தின் அலை, கரையை விட்டுச் சிறிது தொலைவு சென்றதும் படகைக் கைவிட்டு விடுகிறது. கரையிலும், புயலில் மின்சாரம் நின்று கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து விட்டால் கைப்பேசி வெறும் கைவிளக்குதான். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் காவிரிக் கழிமுக மாவட்டங்களைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததை நாடே கண்டது. அத்தகைய நாட்களில், தொலைவிலுள்ள ஒரே நிலையத்திலிருந்து மாவட்டம் முழுவதற்கும் செய்தி தரவல்லது வானொலி. இரண்டு சிறு பேட்டரிகள் போட்ட டிரான்சிஸ்டர் பெட்டி நாட்கணக்கில் உழைக்கும்.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் மத்திய அலை ஒலிபரப்பை 1197 கிலோ ஹெர்ட்ஸ் என்னும் எண்ணில் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நெடுங்காலம் கேட்டு வந்தனர். தூத்துக்குடியில் 1053 கிலோ ஹெர்ட்ஸில் இயங்கும் வண்ணம் 200 கிலோவாட் ஆற்றலுடைய ஒலிபரப்பி, இலங்கை நேயர்களையும் எட்டும் நோக்குடன் நிறுவப்பட்டது. கடலுக்கு அப்பால் கொழும்பில் 1925-ஆம் ஆண்டே வானொலி தோன்றிவிட்டது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் மத்திய அலை கடலின் மேல் மிகுந்த தொலைவு செல்லும். கொழும்பு நிலையத்தின் தமிழ்ப் பாடல்கள் நம் கடற்கரை ஊர்களில் அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கு இதுவே காரணம்.

வானொலி உழவருக்குச் செய்த தொண்டுக்கும் ஒரு சான்று கூறலாம். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி இடைவிடாது எடுத்துரைத்தது. அதைக் கேட்டுப் பயிரிட்ட தஞ்சை உழவர்கள் அந்நெல்லுக்கு 'வானொலி நெல்' என்றே பெயர் வைத்து விட்டார்கள்.

தீப்பொறியே வானொலியின் தாய்

இரைச்சலைப் புரிந்து கொள்ள, வானொலி பிறந்த கதையை முதலில் அறிய வேண்டும். 1887-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், இரண்டு உலோக உருண்டைகளுக்கு இடையே மின்பொறி பறக்கச் செய்தார். சற்றுத் தொலைவில், எந்தக் கம்பியாலும் இணைக்கப்படாத ஒரு வளையத்தின் சிறு இடைவெளியிலும் அதே நேரத்தில் நுண்ணிய பொறி தோன்றியது! கம்பியின்றி ஆற்றல் வெளியில் பரவுகிறது என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இத்தகைய அலையைக் கொண்டு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். மார்க்கோனி 1901-ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பினார். 1912-ஆம் ஆண்டு மூழ்கிய டைட்டானிக் கப்பல் உதவி கேட்டு அழைத்ததும் தீப்பொறி ஒலிபரப்பியால்தான்.

தீப்பொறி ஒலிபரப்பிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது ஓர் அலைவெண்ணில் மட்டும் பேசாது. சந்தையில் கூவுபவர் போல அக்கம் பக்கத்து அலைவெண்கள் அனைத்திலும் இரைச்சலை இறைக்கும். எனவே உலக நாடுகள் காலப்போக்கில் அதனைக் கைவிட்டு, ஒரே அலைவெண்ணில் நிற்கும் தூய அலையை ஏற்றுக் கொண்டன.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் இது: எங்கெல்லாம் மின்னோட்டம் திடீரென்று தொடங்குகிறதோ, திடீரென்று நிற்கிறதோ, அங்கெல்லாம் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் பிறக்கிறது. மின்னல் வானத்தின் ஒலிபரப்பி. மோட்டார் பம்பின் ஸ்டார்ட்டர் 'டக்' என்று விழுவதும் ஒரு நொடிப்பொழுது ஒலிபரப்பிதான். இன்றைய சார்ஜரும் இன்வெர்ட்டரும் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை இதையே செய்கின்றன.

சிறு பெட்டிக்குள் நடப்பது என்ன?

பழைய காலத்துப் பேட்டரி சார்ஜரைச் சிலர் பார்த்திருக்கலாம். இரும்புத் தகடுகளை அடுக்கிச் செப்புக் கம்பி சுற்றிய மின்மாற்றி அதனுள் இருக்கும். தூக்கினால் கை வலிக்கும், சூடாகும், 'உம்' என்று முனகும். ஆனால் வானொலிக்கு அது பெரிய தொல்லை தந்ததில்லை. நமக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று என்னும் மெதுவான வேகத்தில், ஊஞ்சல் ஆடுவது போல வழுவழுப்பாக ஏறி இறங்குகிறது. அதனை அப்படியே குறைத்துக் கொடுத்த எளிய கருவி அது.

இன்றைய சார்ஜர் உள்ளங்கையில் அடங்குகிறது. எப்படி இவ்வளவு சிறிதாயிற்று? ஃபாரடே 1831-ஆம் ஆண்டு கண்டறிந்த உண்மைப்படி, காந்தப்புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மிகுதியாக மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. எனவே, நொடிக்கு 50 சுற்றுக்குப் பதில் 60,000 சுற்று என்று வேகத்தைக் கூட்டினால், அதே வேலையை மிகச் சிறிய மின்மாற்றியே செய்து விடும். இதுதான் அதன் இரகசியம்.

செயல்முறை இவ்வாறு நிகழ்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை டயோடுகள் முதலில் நேர்த்திசை மின்சாரமாக்குகின்றன. அப்போது அதன் அழுத்தம் ஏறக்குறைய 325 வோல்ட். அடுத்து, ஒரு சிறிய டிரான்சிஸ்டர் அம்மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. வெட்டப்பட்ட மின்சாரம் சிறு மின்மாற்றியில் புகுந்து 5 வோல்ட்டாகவோ 12 வோல்ட்டாகவோ வெளியேறுகிறது. இன்வெர்ட்டர் இதற்கு எதிரான வழியில் செல்லும். பேட்டரியின் 12 வோல்ட்டை வெட்டி உயர்த்தி 230 வோல்ட் ஆக்கும். எல்.இ.டி. விளக்கின் அடிப்பகுதியிலும், சூரிய ஒளித் தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே மாட்டும் சீராக்கிப் பெட்டியிலும் பெரும்பாலும் இதே வெட்டும் வேலைதான் நடக்கிறது.

வெட்டுவது எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் மிச்சமாகும், கருவியும் சூடாகாது. ஆனால் அந்தக் கூர்மைதான் வானொலிக்குப் பகை! குழாயை மெல்ல மூடினால் சத்தமில்லை. சட்டென்று மூடினால் குழாய் முழுதும் 'தட்' என்று அதிர்கிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஒரு சிறு கணக்கு

1768 முதல் 1830 வரை வாழ்ந்த ஃபூரியர் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஓர் அருமையான உண்மையை நமக்கு அளித்தார். மீண்டும் மீண்டும் வரும் எந்த அலையையும், பல வழுவழுப்பான அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதே அது. ஏற்றமும் இறக்கமும் செங்குத்தாக உள்ள சதுர அலையைப் பிரித்தால், அடிப்படை அலைவெண்ணோடு அதன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என ஒற்றைப்படை மடங்குகள் வரிசையாக வெளிப்படும். மேலே செல்லச் செல்ல அவற்றின் வலு குறையும். ஆனால் விரைவில் மறைந்து விடாது.

ஒரு சார்ஜர் நொடிக்கு 63,000 முறை, அதாவது 63 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம். நம் வானொலியின் மத்திய அலை ஏறக்குறைய 530 கிலோ ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 63 எங்கே, 530 எங்கே என்று நாம் நினைப்போம். ஆனால் 63-ஐ 19-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1197 வருகிறது! திருநெல்வேலி நிலையத்தின் எண் அதுவே. 57 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டும் மற்றொரு சார்ஜரின் 21-ஆவது மடங்கும் 1197-தான். நிலையம் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சார்ஜரோ பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே சார்ஜரின் மெல்லிய முணுமுணுப்பு, தொலைவிலிருந்து வரும் குரலை அமுக்கி விடுகிறது.

உண்மையில் வெட்டும் வேகம் ஒரே நிலையில் நிற்காமல் சற்றே தடுமாறிக் கொண்டிருக்கும். ஆதலால் ஒரு புள்ளியில் விசில் சத்தமாக இல்லாமல், அகன்ற இடத்தில் 'கிர்ர்' என்று இரைச்சலாகப் பரவுகிறது. டயலை மெல்லத் திருப்பினால், ஏறத்தாழச் சம இடைவெளியில் இந்தக் கிர்ர் ஒலி மீண்டும் மீண்டும் வருவதைக் கேட்கலாம். இப்படிச் சம இடைவெளியில் வருவதே சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் கைரேகை.

இரைச்சல் வரும் இரு வழிகள்

முதல் வழி கம்பி வழி. சார்ஜர் தன் இரைச்சலை வந்த கம்பியிலேயே திருப்பி அனுப்புகிறது. வீட்டு மின்கம்பி முழுவதும் நீண்ட ஏரியல் போல ஆகி அதனைப் பரப்புகிறது. அடுத்த வீட்டுச் சார்ஜர் நம் வீட்டு வானொலியை இரைய வைப்பது இவ்வாறுதான்.

இரண்டாம் வழி வெளி வழி. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் இரு கம்பிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கிடந்தால், அவ்விரண்டும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகி விடும். வளையம் பெரிதாகப் பெரிதாக இரைச்சலும் பெரிதாகும். அவ்விரு கம்பிகளையும் பெண்பிள்ளைகளின் சடை போல முறுக்கிப் பின்னி விட்டால், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது பெரும்பாலும் அழித்து விடும். செலவில்லாத மருந்து இது!

பண்பலை தப்பிப்பது எப்படி?

மத்திய அலையில் குரலின் ஏற்ற இறக்கம், அலையின் உயரத்தை மாற்றி அனுப்பப்படுகிறது. இரைச்சலும் உயரத்தையே மாற்றுவதால், எது குரல், எது இரைச்சல் என்று பெட்டிக்குத் தெரிவதில்லை. பண்பலையிலோ அலையின் உயரம் மாறாது. அலைவெண் மட்டும் சிறிது கூடிக் குறையும். உயரத்தில் ஒட்டிக் கொண்ட இரைச்சலைப் பெட்டி கத்தரித்து எறிந்து விடுகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமைகளைப் பெற்றார். கொடைக்கானல் பண்பலையைத் தென் மாவட்டங்கள் விரும்பிக் கேட்டதற்கு அதன் மலை உயரம் ஒரு காரணம். இந்தத் தெளிவு மற்றொரு காரணம்.

படகுகளில் உள்ள வி.எச்.எப். பேசும் கருவியும் பண்பலை வகையைச் சேர்ந்ததே. அதன் 16-ஆவது அலைவரிசை, 156.8 மெகா ஹெர்ட்ஸ், உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆனால் பண்பலைக்கும் ஓர் எல்லை உண்டு. வரும் குரல் இரைச்சலைவிடச் சற்றேனும் வலுவாக இருக்கும் வரைதான் அது காப்பாற்றும். குரல் மெலிந்து இரைச்சல் மேலோங்கினால் ஒன்றுமே கேட்காது. தொலைவிலிருந்து வரும் அழைப்பு எப்போதும் மெல்லியதுதான் என்பதை மறக்கக் கூடாது.

படகு ஒரு நடமாடும் வீடு

மேலை நாடுகளில் விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு பயணம் செய்ய, சமையலறையும் படுக்கையும் உள்ள வீட்டு வண்டிகள் உண்டு. அவற்றில் 12 வோல்ட் பேட்டரி, அதற்கான சார்ஜர், இன்வெர்ட்டர், விளக்குகள் எல்லாம் ஒரு சிறு அறைக்குள் நெருங்கி இருப்பதால், வானொலி இரைச்சல் அங்கே பழகிப்போன தொல்லை. நம் பகுதியில் அப்படிப்பட்ட வண்டி அரிது. ஆனால் நாட்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகும் ஒரு நடமாடும் வீடுதானே? அதிலும் சமைக்கிறார்கள், உறங்குகிறார்கள், பேட்டரியில் விளக்கு ஏற்றுகிறார்கள், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். வேறுபாடு ஒன்றே: வீட்டு வண்டியில் இரைச்சல் பாட்டைக் கெடுக்கும், படகில் உயிர்ச்செய்தியைக் கெடுக்கும்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கக் கடலோரக் காவல் படை, கப்பல், படகு வைத்திருப்போர் அனைவருக்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. படகில் பொருத்தும் சில எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எப். கருவியின் கேட்கும் திறனைக் கெடுக்கின்றன என்றும், ஆபத்து அழைப்புக் கேட்காமற் போகக் கூடும் என்றும் அது கூறியது. ஏரியலுக்கு அருகிலேயே விளக்கைப் பொருத்துவதால் தொல்லை மிகும் என்பதும் அதில் கண்ட செய்தி.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் சீறியபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்தது. அன்று செய்தி எட்டாமைக்கு முதற்காரணம் தொலைவுதான். சார்ஜர் இரைச்சல் அன்று. வி.எச்.எப். அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவைத் தாண்டி அதனால் நெடுந்தொலைவு போக முடிவதில்லை. இதனால்தான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் கருவிகளை இஸ்ரோ மீனவர்க்காக உருவாக்கியுள்ளது. தொலைவு இயற்கை விதித்த எல்லை. அந்த எல்லையை நம் கையாலேயே இன்னும் சுருக்கிக் கொள்ளலாமா என்பதே நம் கேள்வி.

எளிய கணக்கொன்று பாருங்கள். தடையற்ற வெளியில், தொலைவு இரண்டு மடங்கானால் அலையின் வலு பாதியாகிறது. ஆகவே படகிலுள்ள இரைச்சல் இரண்டு மடங்கானால், கேட்கக்கூடிய தொலைவு ஏறக்குறையப் பாதியாகி விடும். 20 கடல் மைலில் கேட்ட குரல் 10 கடல் மைலுக்குள்தான் கேட்கும். வட்டத்தின் ஆரம் பாதியானால் பரப்பு நான்கில் ஒரு பங்காகும் அல்லவா? நம்மை அழைக்கக் கூடியவர் இருக்கும் கடற்பரப்பில் முக்கால் பங்கை ஒரு விளக்கு விழுங்கி விடக் கூடும்!

இரைச்சலைக் கண்டுபிடிக்கும் முறை

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பேட்டரியில் இயங்கும் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் பெட்டி போதும். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் டயலை நிறுத்துங்கள். பெட்டியைக் கையில் எடுத்துக் கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கே இரைச்சல் ஓங்குகிறதோ அங்கே குற்றவாளி ஒளிந்திருக்கிறான். ஐயம் ஏற்பட்டால் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தபோது இரைச்சல் நின்றதோ அதுவே காரணம். எல்லாம் அணைத்த பின்னும் நிற்கவில்லையெனில், அது வெளியிலிருந்து வருகிறது என்று அறியலாம்.

ஒலியின் தன்மையைக் கொண்டும் இனம் காணலாம். ஒழுங்கின்றிச் 'சடசட' என்று கேட்டால், தொலைவில் மின்னல் அடிக்கிறது. 'உர்ர்' என்ற தாழ்ந்த முனகல் மின்கம்பியின் கோளாறாகலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாய் 'டக்' என்றால் மோட்டார் அல்லது குளிர்பதனப் பெட்டியின் சுவிட்சு. எஞ்சின் வேகம் கூடக்கூடச் சுருதி ஏறும் 'ஙொய்' ஒலி பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறிச் செருகியும் இரைச்சல் தரும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. டயலில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் 'கிர்ர்' ஒலியே சார்ஜர், இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றின் குரல்.

படகில் வி.எச்.எப். கருவியைச் சோதிக்க அமெரிக்கக் காவல் படை கூறிய முறை மிக எளிது. பேச்சு நடவாத ஓர் அலைவரிசையில் வைத்து, 'ஸ்குவெல்ச்' என்னும் திருகை இரைச்சல் கேட்கும் வரை திருப்பி, பின் இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். இப்போது விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் மீண்டும் எழுந்தால் விளக்கே காரணம். துறையிலிருந்து புறப்படும் முன் இரண்டு நிமிடத்தில் செய்யக் கூடிய சோதனை இது.

தீர்வுகள்

1. தொலைவு: சிறு கருவியின் அருகில் உள்ள காந்தப்புலம், தொலைவு இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். வானொலியைச் சார்ஜரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்திருந்தால் மூன்று அடி தள்ளி வையுங்கள். படகில் விளக்கையும் ஏரியலையும் ஒரே கம்பத்தில் நெருக்கிப் பொருத்தாதீர்கள்.

2. திசை: டிரான்சிஸ்டர் பெட்டியின் உள்ளே ஃபெரைட் என்னும் கருங்கோலில் கம்பி சுற்றிய ஏரியல் இருக்கிறது. அது எல்லாத் திசையிலும் ஒன்று போலக் கேட்பதில்லை. பெட்டியை மெல்லச் சுழற்றினால், இரைச்சல் குன்றி நிலையம் தெளியும் ஒரு நிலை கிடைக்கும்.

3. முறுக்கு: பேட்டரிக் கம்பிகளை இயன்ற வரை குட்டையாக வைத்து, முறுக்கி இடுங்கள்.

4. ஃபெரைட் வளையம்: கணினிக் கம்பிகளின் நுனியில் உருண்டையாகத் தடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வீண் அலங்காரமன்று. வேகமான இரைச்சல் அலையை மறித்து, மின்சாரத்தை மட்டும் போகவிடும் காவலாளி. இப்படிப்பட்ட கவ்வு வளையங்கள் தனியாகவும் கிடைக்கின்றன. கம்பியை அதனுள் மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் பயன் இன்னும் மிகும்.

5. வீண் சுற்று வேண்டாம்: பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டரால் 230 ஆக்கி, அதைச் சார்ஜரால் மீண்டும் 5 வோல்ட்டாக்கிக் கைப்பேசிக்குக் கொடுப்பது, மேட்டில் ஏற்றிய நீரை மீண்டும் பள்ளத்தில் விடுவது போன்றது. மின்சாரமும் வீண், வெட்டுவதும் இரு முறை. பேட்டரியிலிருந்து நேரே இயங்கும் நல்ல சார்ஜரை வாங்கிக் கொள்வதே சிக்கனம்.

6. வாங்கும்போது கவனம்: மலிவான சார்ஜர்களில் இரைச்சலை வடிக்கும் சுருளையும் மின்தேக்கியையும் விட்டு விடுவது உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இயன்றால் கடையிலேயே ஒரு டிரான்சிஸ்டரை அருகில் வைத்துப் பார்த்து வாங்கலாம்.

7. செய்தி நேரத்தில் அமைதி: மற்றவை எதுவும் இயலாதெனில், வானிலைச் செய்தி வரும் சில நிமிடங்களுக்குச் சார்ஜரையும் தேவையற்ற விளக்குகளையும் அணைத்து வையுங்கள். இரவில் விதிப்படி எரிய வேண்டிய அடையாள விளக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். சார்ஜரையோ இன்வெர்ட்டரையோ யாரும் திறந்து பார்க்கக் கூடாது. இணைப்பை எடுத்த பின்னும் உள்ளே உள்ள மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக் கூடும். அறிவு ஆர்வம் நல்லது. ஆனால் அதற்கு உயிரை விலையாகக் கொடுக்கக் கூடாது.

வானலை எல்லாருக்கும் பொது

ஊர்க் கண்மாய் போன்றது வானலை. ஒருவர் அழுக்கு நீரை விட்டால் ஊரே துன்புறும். இதனை உணர்ந்த அறிஞர்கள் 1934-ஆம் ஆண்டே வானொலி இடையூறு பற்றிய பன்னாட்டுச் சிறப்புக் குழுவை அமைத்தார்கள். 'சிஸ்பர்' என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் அக்குழு, எந்தக் கருவி எவ்வளவு இரைச்சல் விடலாம் என்று அளவு வகுத்து வருகிறது. அளவுகள் இருக்கின்றன. ஆனால், அவற்றை மதித்துச் செய்த பொருளைக் கேட்டு வாங்கும் மக்களும் இருந்தால்தான் அளவுகளுக்கு மதிப்பு.

மெல்லிய குரலைக் கேட்பதன் அருமையை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒரு பெண்மணியும் இருக்கிறார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி தாக்கியபோது, அமெச்சூர் வானொலி அன்பரான பாரதி பிரசாத் அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரில் தம் குழுவினருடன் வானொலிப் பணிக்காகத் தங்கியிருந்தார். தொலைபேசி இணைப்புகள் அறுந்த அந்நாட்களில், அவர் தம் வானொலிக் கருவியின் துணையால் தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்திப் பாலமாய் விளங்கினார். உறவினரைத் தேடித் தவித்த எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் வழியே ஆறுதல் கிடைத்தது. மின்னணுவியல் ஆண்களுக்கே உரியது என்று எண்ணும் எவருக்கும் அவர் வாழ்வே விடை.

தோழியரே, நம்மில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் கடலில் தொழில் செய்கின்றனர். மற்றும் பலருடைய வீட்டார் கரிசல் காட்டில் மழையை எதிர்பார்த்து நிற்கின்றனர். இவ்வாண்டு வாடைக் காலம் தொடங்கும் முன் நாம் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்யலாம். டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்து வீட்டிலும் படகிலும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்கலாம். கண்டதை அப்பாவிடமும் அண்ணனிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். முறுக்கிய ஒரு கம்பி, மூன்று அடி தள்ளி வைத்த ஒரு சார்ஜர், புறப்படும் முன் செய்த இரண்டு நிமிடச் சோதனை ஆகிய இச்சிறு செயல்கள், கடலில் இருப்பவரை உரிய நேரத்தில் கரை திரும்பச் செய்யும். பள்ளியில் கற்கும் இயற்பியலுக்கு இதனினும் நல்ல பயன் வேறு என்ன வேண்டும்?